மஞ்சள் கயிற்றுக்கு உள்ளே

மலேசியாவில், கோப்பெங்கிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தோட்டத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர் காடு, இப்போது முழுக்கச் செம்பனை. மூச்சு இழுத்தால் விலா குத்தியது. முந்தின நாள், எங்களை வேலை வாங்கும் மண்டோர் பூட்ஸ் காலால் உதைத்த இடம். தார்ச்சாலையை எட்டிவிட்டால் பிழைப்பேன். பிடிபட்டால் செல்வத்தின் கதிதான். என்னோடு வேலை செய்தவன் செல்வம், எனக்கு முன்னால் ஓடிப்பார்த்தவன். மோட்டார் சைக்கிளில் கட்டி இழுத்து வந்தார்கள். அவன் முழங்கால் அதன் பிறகு மடங்கவே இல்லை.

நான் அறந்தாங்கிப் பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராக வேலை செய்தவன். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வேலை என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். விமான நிலையத்தில் இந்த மண்டோர் நம் தமிழில் "சாப்டியாடா தம்பி" என்று கேட்டான். அந்த ஒரு சொல்லுக்குப் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். அதோடு அது போயிற்று.

பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. ஓட முடியவில்லை. எதிரே மரத்தடியில் முனியாண்டி கோயில். தகரக் கூரை, ஆளுயரச் சிலை, சுற்றிலும் ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். சிலைக்குப் பின்னால் போய்ப் படுத்தேன். அங்கே செவ்வெறும்புகள். கழுத்து, காது, கண்ணிமை என்று ஏறிக் கடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினேன். அப்பா, இவர்கள் கையில் என்னைச் சாகவிடாதே. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

மோட்டார் நின்றது. மண்டோரும் அவன் தம்பியும்.

"அண்ணே, இங்க பாருங்க. அவனோட செருப்புலா!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. உயிருக்கு ஓடுகிற நேரத்திலும், கயிற்றுக்கு வெளியே செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறேன்.

மண்டோர் சிரித்தான். "டேய் பக்தா, வெளிய வா. உனக்கு அர்ச்சனை இருக்கு."

நான் அசையவில்லை. அவன் தம்பியிடம் சொன்னான், "போய் இழுத்துட்டு வா."

"நானா? அப்பாவுக்குக் கருமாதிகூட இன்னும் ஆகல. தீட்டோட கயித்தத் தாண்டுனா சாமி சும்மா விடுமா? நீங்க போங்கலா."

"எனக்கு மட்டும் அவரு என்ன பக்கத்து வீட்டுக்காரரா? கொள்ளி வச்சவன்டா நான்!"

இருவரும் கயிற்றைத் தொடாமல் நின்று என்னைப் பெற்றவளைத் திட்டினார்கள். பிறகு மண்டோர் போனை எடுத்து, தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவனிடம் பேசினான். "அந்த நொண்டிச் செல்வத்த அனுப்பு. அவனுக்குத் தீட்டு இல்ல, அவன் வந்து இழுக்கட்டும். வண்டியா? எதுக்கு? நடந்து வரட்டும்லா."

செல்வம் நடந்து வர நேரமானது. அதற்குள் செம்பனைக் குலை லாரி ஒன்று வந்து நின்றது. அந்தச் சாலையில் லாரிக்காரர்கள் முனியாண்டிக்குச் சூடம் காட்டாமல் போவதில்லை. அதை ஓட்டி வந்த பெரியசாமி அண்ணன் சூடத்தோடு கயிற்றுக்குள் வந்தவர், என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"யாருய்யா நீ?"

"அண்ணே, கொன்னுருவாங்க. ஏத்திக்கிட்டுப் போங்க."

அவர் சூடத்தைக் கொளுத்தி, கும்பிட்டு முடித்து, என் கையைப் பிடித்துத் தூக்கினார். வெளியே நின்றவர்களிடம், "சாமி காலடியில கெடந்தவன். கைய வைக்கிறவங்க வாங்க பாப்போம்" என்றார்.

மண்டோர் விலகிக்கொண்டான். "கூட்டிட்டுப் போங்க அண்ணே. பாஸ்போர்ட் எங்கிட்டதான் இருக்கு. எங்க போயிருவான்?"

லாரி நகர்ந்தபோது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். செல்வம் அப்போதுதான் காலை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்து சேர்ந்தான். அவன் காலை அவர்கள் உடைத்திருக்காவிட்டால் சீக்கிரம் வந்திருப்பான். நான் மாட்டியிருப்பேன்.

அன்றே அண்ணன் என்னைப் போலீசில் ரிப்போர்ட் செய்ய வைத்தார். சில வாரங்களில் பாஸ்போர்ட் வந்தது. செல்வமும் வந்தான். கால்தான் வரவில்லை. அதற்கும் சேர்த்து நான் வேண்டியிருக்க வேண்டும். இப்போது எனக்கென்று மட்டும் கும்பிடுவதில்லை.

அந்நிய நாட்டில் கால் வைக்கும் அன்பர்களே, நம் பாஷை பேசுகிறான் என்று யாரையும் நம்பாதீர்கள். பாஸ்போர்ட்டை உடம்போடு வையுங்கள். அதற்கு மேல் கை மீறிப் போனால் முனியாண்டியைக் கூப்பிடுங்கள். எப்படி வருவார் என்று கேட்காதீர்கள். வருவார்.

தப்பி வந்த மறுநாள் காலையே அண்ணனின் மைத்துனர் ஈப்போ சந்தையில் வைத்திருந்த கோழிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். விலாவில் கட்டு, குனிய முடியாது. நின்றபடியே முதல் கோழியைப் பிடித்தேன். அது என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. சாமி பேரைச் சொல்லி அறுத்தேன்.