ஆளாளுக்குத் திருத்திய முகம்

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே நல்லேப்பிள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் மூணாறு என்பதால், ஒரு விவசாயக் குடும்பத்தின் மாடி அறையில் குடியிருந்தேன். ஓணம் லீவில் கோயம்புத்தூர் போனபோது, ரொம்ப நாள் ஆசைக்கு ஒரு எண்ணெய் வண்ணப் பெட்டியும், ‘ஆரம்பிப்பவர்களுக்கு’ என்று போட்டிருந்த ஒரு புத்தகமும் வாங்கி வந்தேன். முதலில் வரைந்தது கத்தரிக்காய். அடுத்து, கண்ணாடியைப் பார்த்து என்னையே வரைந்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆனால் வீட்டுக்காரம்மா அசந்துபோனார். “ஏனுங்க டீச்சர், எங்கூட்டுக்காரரையும் இப்பிடி ஒண்ணு வரைஞ்சு குடுங்க. வருசத் திதிக்கு மாலை போடோணும்” என்றார்.

அவர் கணவர், போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர். அதனால் வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவரை நான் பார்த்ததும் கிடையாது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை.

மூத்த மகனை உட்கார வைத்து வரைந்து, கொஞ்சம் சுருக்கம் சேர்த்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். எண்ணெய் வண்ணம் லேசில் காயாது, துடைத்துத் துடைத்து மாற்றலாம் என்பதை வாய்விட்டுச் சொன்னதுதான் வினையாயிற்று.

“எங்கய்யன் மூக்கு இத்தன சப்பையில்லீங்க” என்றார் மகன். மூக்கை இழுத்தேன். காது பெரிது என்றார் மகள். பெரிதாக்கினேன். கன்னம் ஒட்டியிருக்கும் என்றார் வீட்டுக்காரம்மா. பால் ஊற்ற வந்தவர்கூட, “மீசை இன்னுங் கொஞ்சம் முறுக்கோணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வண்ணம் துடைக்கும் டர்பன்டைனின் நாற்றம் தாங்காமல் நாய் களத்துக்குக் குடிபோய்விட்டது.

திதிக்கு முந்தின நாள், ஈரம் காயாத படத்தைக் கூடத்தில் மாட்டி மாலை போட்டார்கள். எல்லோரும் படத்தையும் ஒருவர் முகத்தை ஒருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். துக்கத்தில் நெஞ்சடைத்துவிட்டது போலும் என்று நினைத்தேன். மருமகள்தான் வாய்தவறிச் சொல்லிவிட்டார். “இது மேக்காலத் தோட்டத்து மாமனாட்டவே இருக்குதுங்களே!”

மேற்குத் தோட்டத்துக்காரர், இறந்தவரின் சித்தப்பா மகன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை.

சேதி எப்படிப் போயிற்றோ, மறுநாள் சடங்கு தொடங்கும் முன்பே அவர் வந்து நின்றார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“உசுரோட இருக்கறவனுக்கு மாலை போட்டிருக்கறீங்களாமா? எவன் வரைஞ்சான்?”

மூத்த மகன் வேட்டியை மடித்துக் கட்டினார். அடிதடி நிச்சயம் என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வந்தவர் படத்தைப் பார்த்ததும் சத்தம் அடங்கிவிட்டது. கிட்டே போய்ப் படத்தின் மீசையைத் தொட்டார். யோசனையாக அதே விரலால் தன் மீசையைத் தடவினார். நரைத்த மீசையில் ஒரு பக்கம் கறுத்துப்போயிற்று.

“என்னையாட்டவும் இருக்குது, அண்ணனாட்டவும் இருக்குது...” என்றார், படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

“அண்ணந் தம்பி மொகம் வேற எப்பிடி இருக்கும்? மொதல்ல போயி மீசையக் கண்ணாடில பாருங்க” என்ற வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் குடிவந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்த மேற்குத் தோட்டத்துக்காரரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அவர் இருந்து, திதிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். வாய்க்கால் தகராறு தீர்ந்ததா என்றால், இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நேரில் பேசித்தான் சண்டை போட்டார்கள்.

பின்னாளில் முறையாகக் கற்று எத்தனையோ முகங்களை அச்சு அசலாக வரைந்திருக்கிறேன். பார்த்தவர்கள் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் போக்குவரத்து நின்றுபோன ஒரு வீட்டுக்குள் ஒரு மனிதரை நடந்துவர வைத்தது, நான் தப்பாக வரைந்த அந்தப் படம் ஒன்றுதான். அதை நினைக்கும்போதெல்லாம் என் பிழைகள்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதையே வருகிறது.