வாசக்காரனை இறக்கிய வீடு

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஒரு முகத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. பூசாத செங்கல் சுவர், பாதி எழும்பிய மாடி, மண்டபத்துத் தூண், எங்கே கட்டட வேலை நடக்கிறதோ அங்கே அது தொங்கும். பிதுங்கிய இரண்டு கண், துருத்திய ஒற்றைப் பல், ஒரு புருவத்தை மட்டும் தூக்கி "யார்றா நீ?" என்று கேட்கிற பார்வை. கட்டுகிற வீட்டின் மேல் ஊர்க்கண் படாமலிருக்க மாட்டுகிற திருஷ்டிப் படம் அது. சிலர் அதை முனீஸ்வரன் என்கிறார்கள், சிலர் அரக்கன் என்கிறார்கள். பூமாலைக் கொத்தனார் அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கரண்டியையே தொடுவார்.

அது முனியும் இல்லை, அரக்கனும் இல்லை. ஜப்பான்காரன் எவனோ வரைந்த படக்கதையில் கோட்டை வாசலில் நிற்கிற ஒரு காவல்காரன். அந்தக் கதையின் பெயரைச் சொன்னால் ஜப்பானிலேயே யாருக்கும் தெரியாதாம். அவனை இந்தச் சுவர்களில் ஏற்றியவள் சூர்யகலா, செஞ்சி ரோட்டில் பிளக்ஸ் பேனர் கடை நடத்துகிறவள். பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைக்கிற இருதயசெல்வி நான். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் தும்மினால் நான் நூறாயுசு சொல்வேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, வயிற்றெரிச்சலும் இருக்கிறது.

அந்தப் படக்கதையைக் கொண்டுவந்தது அவளுடைய அண்ணன் பார்த்திபன். சென்னையில் இஞ்சினியரிங் படித்தபோது யாரிடமோ வாங்கி பென்டிரைவில் எடுத்து வந்தான். அப்போது இவள் பத்தாவது. இங்கிலீஷில் இருந்ததை அண்ணன் தமிழில் சொல்லச் சொல்ல, ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து இருவரும் படித்தார்களாம். அந்தக் காவல்காரன் வருவது மூன்று நான்கு பக்கம்தான். கதையில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது, வாசக்காரன் என்று இவர்கள்தான் வைத்தார்கள். தளபதி அவனிடம், "இங்கேயே நில், நான் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வழியாகத் தப்பிப் போகிறான். கதையும் தளபதி பின்னாலேயே போய்விடுகிறது. ரொம்பத் தூரம் தள்ளி, வேறு யாரோ குதிரையில் போகிற படத்தின் மூலையில், கட்டைவிரல் நகமளவுக்கு அந்தக் கோட்டை தெரியும். வாசலில் அவன் இன்னும் நிற்பான், தோள்வரைக்கும் பனி மூடியிருக்கும்.

சூர்யா அதைக் கண்டுபிடித்துத் தேம்பித் தேம்பி அழுதாளாம். "கதை எழுதுனவனே அவன மறந்துட்டான், நீ இன்னா புள்ள அழுதுகினு கீற?" என்று அண்ணன் தலையில் தட்டிச் சிரித்தானாம். "மறந்திருந்தா மூலையில ஏன் வரைஞ்சான்?" என்று இவள் கேட்டாளாம். இந்தக் கதையை அவள் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. அண்ணனைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இங்கேதான் ஆரம்பிப்பாள்.

பேனர் கடையையும் அண்ணன்தான் வைத்தான். வேலை கிடைக்காத நாளில் வைத்தது. கிடைத்ததும், "நீ பாத்துக்க சூர்யா, நான் வந்துர்றேன்" என்று செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனவன், பிறகு கடைக்குள் கால் வைத்தது விருந்தாளியாகத்தான். அம்மாவை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கடைசிவரை வைத்துப் பார்த்ததும் இவள்தான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போவான். வந்த வரன்களை எல்லாம் அம்மாவைக் காட்டித் தள்ளிப் போட்டாள். அம்மாவும் போனாள், வரன்களும் நின்றுபோயின.

வாசக்காரன் திருஷ்டிப் படமானது பூமாலையால். ஒருநாள் அவர் கடைக்கு வந்து, "இந்த நாக்கத் தொங்கப் போட்டுக்கினு இருக்கிற பூதத்தப் பாத்து இப்பல்லாம் ஒரு குழந்தகூடப் பயப்படறதில்ல. வேற மூஞ்சி எதுனா இருந்தாப் போட்டுக் குடு பாப்பா" என்றார். சூர்யா கம்ப்யூட்டரைக்கூடத் திறக்கவில்லை, கையாலேயே வரைந்தாள். மீசை ஒன்று சேர்த்தாள், நெற்றியில் குங்குமம் வைத்தாள், அவ்வளவுதான். மாட்டிய வாரமே அந்தக் கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தது. கீழே நின்றவர்களில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. போதாதா நம் ஜனத்துக்கு! மயிலத்திலிருந்து வந்தார்கள், ஒலக்கூரிலிருந்து வந்தார்கள். மற்ற பேனர் கடைக்காரர்கள் போனில் படம் பிடித்துப்போய்த் திருட்டுத்தனமாக அடித்தார்கள். மரக்காணத்தில் ஒரு படகின் மூக்கில் அவனைப் பெயின்ட்டில் வரைந்திருப்பதை மாதா கோயில் தேருக்குப் போனபோது நானே பார்த்தேன். நாலு பக்கத்தில் வந்து போனவனுக்கு இத்தனை வாழ்வு.

ஒலக்கூரில் அப்பாவின் மனை ஒன்று இருந்தது. அதில் பார்த்திபன் வீடு கட்ட ஆரம்பித்தான். "கீழ எனக்கு, மேல உனக்கு" என்றான் தங்கச்சியிடம். லோனுக்கு ஒரே பேரில் இருந்தால் சுலபம் என்று சொல்லி, இவள் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டான். வேண்டாம்டி என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "எங்க அண்ணன்க்கா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் நான் என்ன பேச? தளம் போட்டபோது கையில் கிடந்த வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். தளம் போட்டு முடித்து, தூணுக்குத் தூண் கம்பியை நீட்டி விட்டிருந்தார்கள். "பாத்தியா, உன் மாடிக்குத்தான் கம்பி வுட்டு வச்சிருக்கேன்" என்று பார்த்திபன் காட்டினானாம். அன்றைக்கு அவள் கடைக்கு வந்து, எந்தப் பக்கம் ஜன்னல், எங்கே அடுப்படி என்று என் துணி வெட்டும் மேசையிலேயே சாக்பீஸால் வரைந்து காட்டினாள். கடைக்குப் பின்னால் காற்றே வராத ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவளுக்கு ஜன்னல் பெரிய விஷயம்.

அந்த வீட்டுக்கு மட்டும் பிளக்ஸ் அடிக்கவில்லை. பலகை வாங்கி, வாசக்காரனைக் கையால் பெயின்ட்டில் வரைந்தாள். நானும் பார்த்தேன், சேசுவே, அந்தக் கண் நம் பின்னாலேயே வந்தது. "மாடி வேல முடியிற வரைக்கும் எறக்கக் கூடாது, ண்ணே" என்று பூமாலையிடம் சொல்லித்தான் கொடுத்தாள்.

போன தை மாதம் ஒலக்கூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு நான் ஜாக்கெட் கொண்டுபோனேன். அந்த வீட்டுக்கே பேனர் அளவெடுக்க அவளும் கூட வந்தாள். பஸ் அண்ணன் தெருப்பக்கம் திரும்பும்போது என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, வாசக்காரனைக் காணோம்."

"காத்துல வுழுந்திருப்பான் புள்ள."

"கம்பியும் இல்லக்கா."

அண்ணாந்து பார்த்தேன். ஆள் உயரத்துக்கு நின்ற கம்பிகளை அடியோடு அறுத்து, மேலே பூசி, கைப்பிடிச் சுவர் எழுப்பி, ரோஸ் கலர் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். இன்னொரு மாடி வரும் என்றால்தான் கம்பியை விட்டு வைப்பார்கள். வேலை முடிந்தது என்றால்தான் திருஷ்டிப் படத்தை இறக்குவார்கள். இது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இறங்கிப் போனோம். பூமாலை வாசலில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "தம்பிதான் அறுக்கச் சொல்லிச்சி பாப்பா. உங்கிட்ட சொல்லிட்டன்னு சொல்லிச்சே" என்று முனகினார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். அண்ணி அருணா வெளியே வந்து, "வா சூர்யா, பிளாஸ்க்குல காபி இருக்கு, சாப்புடு" என்றாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

"படம் எங்க அண்ணி?"

"அதுவா... தண்ணித் தொட்டிக்கு மூடி இல்ல. நல்ல பலகையாச்சே, வீணாப் போவானேன்னு..."

பக்கவாட்டில் தொட்டியின் மேல் பலகை கவிழ்ந்து கிடந்தது. சூர்யா போய்த் திருப்பினாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சுடிதார் துப்பட்டாவை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் பார்த்திபன் வந்தான். "சொல்லலாம்னுதான் இருந்தேன் சூர்யா. தனி ஆளு, உனக்கு எதுக்கு ஒரு மாடி? கூட்டிப் பெருக்கவே பேஜாராப் போயிடும். எப்பனா நீ வரச்சொல்ல ஹால்ல படுத்துக்க. இதுவும் உன் வீடு மாதிரிதான்."

"மாதிரியா? ஏன்டா பார்த்திபா, அவ கை வளையலு உன் தளத்துக்குள்ள கெடக்குது, அவளுக்கு நீ ஹால்ல பாய் போடறியா? நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. சூர்யா "வாக்கா, பஸ்ஸு போயிடும்" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் பலகைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டோம். "சாமிக்கெல்லாம் டிக்கெட் கெடையாதும்மா" என்று கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதும் அவள் அழவில்லை.

வீட்டுக்கு வந்தும் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் பார்த்திபன் போன் பண்ணி, புதுமனை புகுவிழாவுக்குப் பேனர் நம்ம கடையிலேயே அடித்துவிடலாம் என்றான் பாருங்கள், அவன் நெஞ்சழுத்தத்தை என்ன சொல்ல! நானாக இருந்தால் மிஷினோடு சேர்த்துக் கொளுத்தியிருப்பேன். அவள் நன்றாகவே அடித்துக் கொடுத்தாள். 'அன்புடன் அழைக்கும்' என்பதற்குக் கீழே தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. விழாவுக்கும் போகவில்லை. அன்று முழுக்கக் கடையில் உட்கார்ந்து யாருக்கோ காதுகுத்து பேனர் செய்துகொண்டிருந்தாள்.

அப்புறம் மாசிலாமணி வந்தார். குவைத்தில் டிரைவர், லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு சுவர் எழுப்பிவிட்டுப் போகிறவர். அவருடைய மனை பார்த்திபன் வீட்டுக்கு நேர் எதிரில். "எனக்கும் ஒரு வாசக்காரரு வேணும்மா. நான் ஊருல இல்லாதப்போ அவருதான் பாத்துக்கணும்" என்றார். பிளக்ஸ் வெயிலில் வெளுத்துவிடும், பலகையே எடுத்துப் போங்க அண்ணே என்று சூர்யா உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீரில் ஊறி உரிந்த இடத்துக்கெல்லாம் புதுப் பெயின்ட் வைத்திருந்தாள். காசும் வாங்கவில்லை.

"வேணும்னே செஞ்சியா?" என்று கேட்டேன்.

"கேட்டாரு, குடுத்தேன்" என்றாள்.

பலகை எதிர்ச் சுவரில் ஏறியது. எதிர்ச் சுவர் என்றால் அது பார்க்கிறது யார் வாசலை? பார்த்திபன் கதவைத் திறந்தால் அந்தக் கண். கோலம் போடக் குனிந்தால் முதுகில் அந்தக் கண். அருணா முன்வாசல் பக்கமே வராமல் பின்கட்டு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று ஜாக்கெட் தைக்க வந்த ஒலக்கூர்ப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். சூர்யா சிரிக்கவில்லை. அண்ணன் ஒருநாள் வருவான் என்று அவள் காத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது புரியவில்லை. வாசக்காரனை எதிரில் பார்த்தால் அவனுக்கு அந்த ஒற்றை நாற்காலி ஞாபகம் வரும், செய்ததும் உறைக்கும் என்று நம்பியிருக்கிறாள் பைத்தியக்காரி. அவளுக்கு மாடியைவிட அதுதான் வேண்டியிருந்தது.

வந்தான். ஒரு சாயங்காலம், கையில் பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் இருந்தன. சூர்யா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் என் மிஷினிலிருந்தே பார்த்தேன்.

"சூர்யா, அந்தப் படத்த எடுக்கச் சொல்லு. நீ சொன்னா மாசிலாமணி கேப்பாரு. புள்ளைங்க தூங்கறதில்ல, உங்க அண்ணிக்கு ஒடம்பே செரியில்ல."

"அதப் பாத்தா உனக்கு ஒண்ணும் தோணலியா, ண்ணா?"

"தோணாம இன்னா? அதுக்குத்தான் வந்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு பழத்தட்டை முன்னால் நகர்த்தினான். "அது எந்த ஊரு முனின்னு சொல்லு. பொங்க வைக்கணுமா, கெடா வெட்டணுமா, இன்னா பரிகாரமோ பண்ணிடறேன்."

மிஷினை நிறுத்திவிட்டேன்.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீதான வரைஞ்ச?"

சூர்யா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்பி இல்லை என்று பார்த்தபோது வராத அழுகை, தொட்டி மேலிருந்து பலகையைப் புரட்டியபோது வராத அழுகை, இப்போது வந்தது. பதினைந்து வயதுப் பெண் மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். பார்த்திபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு முறை "இன்னா புள்ள, இன்னா?" என்றான். பிறகு தட்டை அங்கேயே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

நான் போய் அவள் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "வரைஞ்சவன்கூட மறக்கலக்கா. மூலையிலயாவது ஒரு எடம் குடுத்து நிக்க வச்சான். இட்டுக்கினு வந்தவன் மறந்துட்டான்."