இரண்டாவது சாட்சி

போன சனிக்கிழமை டிலானி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிற பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கிறாள். கையில் ஒரு குட்டி ரெக்கார்டர், முகத்தில் கண்டிப்பு.

"அங்கிள், உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேணும். சமூகப் பத்திரிகையிலை எழுதுற ஒரு ஆளைப் பேட்டி எடுக்கச் சொல்லிப் புரொபசர் சொன்னவர்."

கசக்குமா என்ன? ஓடிப்போய் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். ரெக்கார்டருக்குச் சட்டை தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு மணி நேரம் கதைத்தேன். கடைசியில் கேட்டாள்: "எட்டு வருஷமா ஒரு கிழமைகூடப் பத்தியை விடேல்லையோ?"

"ஒரு கிழமைகூட இல்லைப் பிள்ளை. காய்ச்சலெண்டாலும் எழுதிப்போட்டுத்தான் படுப்பன்."

இந்தப் பெருமையை நீங்களும் இதே வாராந்தப் பத்தியில் பலமுறை வாசித்திருப்பீர்கள்...

டிலானி ரெக்கார்டரை நிறுத்தினாள். முடிந்தது என்று நினைத்தேன். அவளோ எழுந்து நேரே குசினிக்குப் போனாள்.

"அன்ரி, ஒவ்வொரு தகவலையும் ரெண்டாவது ஆளிட்டையும் கேக்கவேணும். அங்கிள் ஒரு கிழமையும் விடாமல் எழுதினவரோ?"

லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "இல்லைப் பிள்ளை. பித்தப்பைக் கல்லெண்டு ரெண்டு கிழமை ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். அந்த ரெண்டு பத்தியும் இவரின்ரை பேரிலை நான் எழுதிக் குடுத்தது."

பின்னாலேயே ஓடினேன். "பிள்ளை, இது சின்ன விஷயம். இதை விடேலாதோ?"

அவள் முகம் வாடிவிட்டது. "ஒரு தகவல் பிழைச்சாலும் முழுக் கட்டுரைக்கும் சைபர் அங்கிள். போன மாசம் ஒரு தெருப் பெயரைப் பிழையா எழுதி ஒண்டு வாங்கிப்போட்டன். இன்னொண்டு வாங்கினா இந்தப் பாடமே பெயில். நீங்கள் சொன்னதை எழுதினா எனக்குச் சைபர். அன்ரி சொன்னதை எழுதினா..."

மிச்சம் எனக்கே விளங்கியது. எனக்குத்தான் சைபர் — வேறென்ன?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த எட்டு வருடத்தில் அதிகம் கடிதங்கள் வந்தது அந்த இரண்டு பத்திகளுக்குத்தான். வாசலில் குவியும் பனிச் சப்பாத்துகளைப் பற்றி ஒன்று, பிரெஞ்சில் சண்டை பிடிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. 'உங்கள் எழுத்தில் இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது' என்று அஹுன்ட்சிக் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். மனைவிக்குக் காட்டவில்லை. பொறாமைதான். அன்று குசினி வாசலில் நின்றபோது வெட்கமாக இருந்தது.

"அன்ரி சொன்னதையே எழுதுங்கோ பிள்ளை" என்றேன். பிறகு அறைக்குப் போய் அந்தக் கடிதத்தை எடுத்துவந்து மனைவியிடம் நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். திரும்ப ஒருமுறை வாசித்தாள்.

"இது எனக்கு வந்த கடிதமெல்லோ?" என்றாள். அன்றைக்கு லீக்ஸ் கறி கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை டிலானி படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். கட்டுரைக்கு நல்ல மார்க்ஸ். புரொபசர் என் மனைவிக்கே போன் பண்ணிச் சரிபார்த்தாராம். ஒரு மணி நேரம் கதைத்தவன் நான், தலைப்பில் இருப்பது மனைவியின் பெயர். பரவாயில்லை... அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் எங்களை யார் சரிபார்ப்பது? அந்தப் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காகப் படிப்பிப்பது இவ்வளவுதான் போலிருக்கிறது — ஒருவன் சொன்னதைக் கேள், பிறகு குசினிக்குப் போய் ஒருமுறை விசாரி.

இந்தப் பத்தியை அனுப்புமுன் மனைவியிடம் கொடுத்தேன். "மூண்டு இடத்திலை பொய் இருக்குது" என்றாள்.

இரண்டைத் திருத்திவிட்டேன்.