ஒரு சுற்று ஓட்டம், எட்டு இடியாப்பம்

ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஓடுகிறவருக்கு ஓடும்போது மட்டும்தான் மூச்சு வாங்கும். சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லியே நாள் முழுக்க வாங்கும். நான் கீழக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். சொந்த ஊர் சிக்கல். இரண்டு வருடத்துக்கு முன்னால், காலையில் சும்மா கிடக்கிற மைதானத்தில் பெரியவர்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கலாமே என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. "ஓடுங்க, ஒரே மாசத்துல இளைச்சுருவீங்க" என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

தரை சரியில்லை

முதலில் வந்து சேர்ந்தவர் ஜமால் காக்கா. கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். இருபது வருடம் துபாயில் கடை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அங்கே சேர்த்ததையெல்லாம் ஊரில் இறக்கிவிட்டார், தொப்பையை மட்டும் இறக்க முடியவில்லை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

முதல் நாள் பளபளவென்று ஷூ, கையில் பெரிய வாட்ச், தலையில் பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு சுற்று ஓடினார். கோல்போஸ்ட் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். நான் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினால், மனுஷன் வாட்ச்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் எடை மெஷினைக் கொண்டுவரச் சொல்லி ஏறி நின்றார். ஓடுவதற்கு முன்னால் தொண்ணூற்றாறு கிலோ, ஓடிய பிறகும் தொண்ணூற்றாறு. ஒரு சுற்றில் எங்கே காக்கா குறையும் என்றேன். கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மெஷினை மண்ணுல வச்சிருக்கீங்க சார். சிமெண்டுல வச்சாக் குறையும்."

இடியாப்பக் கணக்கு

மூன்று வாரம் ஒருநாள் விடாமல் வந்தார். நான்கு சுற்று நிற்காமல் ஓடினார். அந்த வார எடையில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. சிமெண்டுத் தரையில் வைத்தும் கூடித்தான் இருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. "தசை வளருது காக்கா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவருடைய வீட்டம்மா சபுரா லாத்தாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். கையில் அரிசி மாவுப் பை. எந்தத் தசை வளர்ந்தது என்று அவர்தான் விளக்கினார். ஓடிவிட்டு வந்தால் காக்காவுக்கு அகோரப் பசியாம். "இன்னைக்குத்தான் ஓடிருக்கேனே" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறாராம். அது போதாதென்று, ஓடின களைப்புக்கு மத்தியானம் ஒரு துண்டு தொதல் அல்வா, பிறகு இரண்டு மணி நேரத் தூக்கம். நான் இனிமேல் சாப்பாட்டையும் கவனிக்கச் சொல்கிறேன் என்று தலையைச் சொறிந்தேன். லாத்தா பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"முன்ன நாலு இடியாப்பம் தின்னவுக இப்ப எட்டு தின்றாக சார். ஓடுறது அவுக, மாவு பிசைஞ்சு எளைக்கிறது நானு."

லீவு குறைந்த கதை

இதில் சிரிப்பு வராத ஒரு விஷயமும் உண்டு. பேங்க்கில் வேலை பார்க்கிற செல்வி மேடம், பிள்ளை பெற்றபின் ஏறிய உடம்பு இறங்கவே இல்லை என்று வந்தார். பத்து வருடமாக ஓடாத கால். மெதுவாகத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஜமால் காக்கா விஷயத்தில் பட்ட அவமானத்தில், இவரையாவது இளைக்க வைத்துக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. விசிலை ஊதி ஊதி விரட்டினேன். இரண்டாவது வாரம் முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

நான்கைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று பார்த்தால், காபி கொடுத்தார். கால் சரியானதும் திரும்பி வந்தார். இந்த முறை இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். விசில் என் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது. முதல் தடவை ஓடினதில் ஏதாவது குறைந்ததா மேடம் என்று பயந்து பயந்துதான் கேட்டேன்.

"குறைஞ்சது சார், மெடிக்கல் லீவுல ஒன்பது நாள்."

கைலி சொன்ன எடை

சபுரா லாத்தா இடியாப்பத்தை நாலுக்குக் கொண்டுவந்துவிட்டார். தொதல் டப்பா அலமாரியில் ஏறிப் பூட்டிக்கொண்டது. ஓட்டம் தொடர்ந்தது. ஆனாலும் மெஷின் நகருவேனா என்று அடம் பிடித்தது. நான்காவது மாதம் மூன்று கிலோதான் குறைந்திருந்தது. "இதுக்கா சார் இந்தப் பாடு?" என்று காக்கா மனம் விட்டுப்போய், ஒரு வாரம் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் ஒரு நுழைவுத் தேர்வு. கேட்டில் நிற்கிற வேலை எனக்கு. பி.டி. வாத்தியார் என்றால் கேட்தானே! ஜமால் காக்காவின் மகள் பர்வீன் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள். தோழியோடு காரில் கிளம்பி வந்தவள் ஹால் டிக்கெட்டை மேஜையிலேயே விட்டுவிட்டாள். வாப்பா எடுத்துக்கொண்டு வருகிறார், ஆனால் ஊருக்கு வெளியே வைக்கோல் லாரி சாய்ந்து வண்டிகள் எல்லாம் நிற்கின்றன என்றாள். கேட்டை மூட இன்னும் ஆறு நிமிடம். ஒரு வருடப் படிப்பு. மூடுகிற கை என்னுடையது.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு உருவம் தெரிந்தது. காரை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டரை ஓடியே கடந்து வருகிறார் காக்கா. கால் வெறுங்கால். வலது கையில் ஹால் டிக்கெட், இடது கை இடுப்பில். நிற்கவில்லை, நடக்கவில்லை, ஒரே சீராக வந்தார். பர்வீன் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் கேட்டைச் சாத்தினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்காருங்க காக்கா என்று கேட்டுக்கு வெளியே கிடந்த என் நாற்காலியைக் கம்பி இடுக்கு வழியாகக் காட்டினேன். அவருக்குப் பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை. இடுப்பில் இருந்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.

"நிக்கிறேன் சார். கைலி இடுப்புல நிக்க மாட்டேங்குது, நாலு மாசமா நீங்க என்னதான் பண்ணித் தொலைச்சீங்க?"

ஆக, என் அனுபவத்தில் ஓட்டம் காலை வளர்க்கும், மூச்சை வளர்க்கும், வாயைக் கட்டுகிற வேலையை மட்டும் ஓடுகிறவரின் வீட்டுக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிடும்.