மருந்து பெட்ரோல்

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷமாக கார் மெக்கானிக். வீட்டை ஒட்டிய ஷெட்தான் பட்டறை. எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். நான் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறவே ஏறாது.

நாலு மாதமாக அவர் வலது கையிலிருந்து ஸ்பேனர் நழுவுகிறது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். கேட்டால் "அசதி" என்பார். அந்தக் கை போய்விட்டால் பிறகு அவர் என்ன மெக்கானிக்? திட்டித் தீர்த்து, டாக்டரிடம் பத்து மணிக்கு நேரம் வாங்கி வைத்திருந்தேன்.

ஒன்பதரைக்கு வந்து நின்றார் சந்தேகம் சார். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. பெயர் நாங்கள் வைத்தது. பெட்ரோல் பங்கில் 'அன்லெடட்' என்று பச்சைப் பலகை மாட்டிய நாளிலிருந்து மனுஷனுக்கு நிம்மதி இல்லை. அவருக்கு மட்டுமா? பழைய கார் வைத்திருக்கிற அத்தனை பேரும் எங்கள் வாசலில்தான் நிற்கிறார்கள்.

"புது பெட்ரோல் போட்டா எஞ்சின் கெட்டுடும்ங்கறாங்களே, மெக்கானிக்?"

"பழைய பெட்ரோல்ல ஒரு மருந்து கலந்திருந்தாங்க சார். அது வால்வு உட்கார்ற இடத்துல படிஞ்சு, தேயாம காப்பாத்தும். இப்ப அது இல்ல. நாள் முழுக்க விரட்டி ஓட்டினா தேயும். நீங்க லைப்ரரிக்குப் போயிட்டு வர்றதுக்கு ஒண்ணும் ஆகாது."

"பிளக்கு?"

"முன்னைவிட அதிக நாள் உழைக்கும்."

"மருமகனோட புது கார்ல பழைய பெட்ரோலை ஊத்தலாமா?"

"ஐயோ, ஊத்திடாதீங்க! புகைக்குழாய்ல புகையைச் சுத்தம் பண்ற கன்வர்ட்டர் செத்துடும்."

போன வாரமும் இதே கேள்வி, இதே பதில். நான் பையை மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றேன்.

"இருந்தாலும் மனசு கேக்கல. ரெண்டு லிட்டர் மருந்து பெட்ரோல் கிடைக்குமா?"

அதற்குத்தான் இவ்வளவு சுற்று! பங்கில் பழைய பெட்ரோலை நிறுத்துவதற்கு முன்பே இரண்டு பேரல் வாங்கி வைத்திருந்தார் எங்கள் மகானுபாவர், இந்தப் பயந்தாங்கொள்ளிகளுக்காக. குழாயைப் பேரலுக்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, வாய்க்கு வந்ததைத் துப்பிவிட்டு, கேனில் பிடித்துக் கொடுத்தார். மிச்சத்தில் கையையும் கழுவிக்கொண்டார். கிரீஸ் போக அதைவிட நல்லது கிடையாதாம்.

"ஏங்க, டாக்டரம்மா கிளம்பிடப் போறாங்க!" என்று கத்தித்தான் அவரை ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தது.

டாக்டரம்மா பொறுமைசாலி. கண்ணைப் பார்த்தார், உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார்.

"வேலையில ஈயம் புழங்குவீங்களா?"

"ஈயமா? எங்க ஷெட்ல அதெல்லாம் கிடையாதுங்க."

"பேட்டரி பிரிக்கறது?"

"அதுக்கு வேற ஆள். நான் எஞ்சின் மட்டும்தான்."

"அப்ப லெட் சம்பந்தமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதப் போனார்.

எனக்குச் சுரீரென்றது. "டாக்டரம்மா, பங்குல அன்லெடட்னு போட்டிருக்காங்களே, அந்த லெட்டா?"

"ஆமாம்மா. ஈயம் இல்லாத பெட்ரோல்னு அர்த்தம்."

"அப்ப பழைய பெட்ரோல்ல?"

"ஈயம்தான் கலந்திருந்தாங்க."

வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? அந்தச் சனியனுக்கு மருந்து என்று பேர் வைத்தவன் யார்? இவர் ஒரு நாளாவது, அது என்ன மருந்து என்று யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா? இத்தனை வருஷமாக அந்த வாடையோடு சட்டையைத் துவைத்தேனே, நானாவது கேட்டேனா?

"வாயால உறிஞ்சுவாருங்க டாக்டரம்மா. இன்னைக்குக் காலையிலகூட" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "ரத்தம் எடுத்துப் பார்க்கணும். இப்ப ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. மணிக்கட்டை மட்டும் மேல தூக்குங்க, வண்டியை நிறுத்தச் சொல்ற மாதிரி."

இடது கை சொன்னபடி நிமிர்ந்தது. வலது கை மணிக்கட்டோடு தொங்கியது.

"அதையும் தூக்குங்க."

என் வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்துவிட்டது.

"தூக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றார்.