அப்பாவின் சார்பில் பேச

அப்பா தன் கடைசிக் காலத்துக்கு என் தம்பி பெண்டாட்டியின் பெயரை எழுதிவைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. சொத்தைச் சொல்லவில்லை. அதை எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாகத்தான் எழுதியிருந்தார். இது வேறு. இனிப் பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லி, அவருக்கும் நினைவு தப்பிவிட்டால், மூச்சுவிடக் குழாய் வைப்பதா வேண்டாமா என்று அவர் சார்பில் சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். தாராபுரத்திலேயே இரண்டு சாட்சிகளை வைத்து, நோட்டரி முன்னால் கையெழுத்தும் போட்டுவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் பக்கம் உடன்பிறந்தவள் இணைச்சீர்ச் சடங்கு செய்யாமல் மாப்பிள்ளை தாலி கட்டுவதில்லை. தம்பிக்கு அதைச் செய்தவள் நான். அப்புறம்தான் அவளே அந்த வீட்டுக்குள் கால் வைத்தாள். பேரனுக்குக் காது குத்துவதோ புது வீட்டில் பால் காய்ச்சுவதோ, நான் போய் நின்றால்தான் அப்பா எதையும் தொடங்குவார். இதற்கு மட்டும் நேற்று வந்தவளா? நேற்று என்றால், அவள் மகன் காலேஜ் முடித்துவிட்டான். இருந்தாலும் எனக்கு அவள் நேற்று வந்தவள்தான்.

போத்தனூரில் என் வீட்டிலிருந்து கிளம்பி நேராகத் தாராபுரத்துக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அம்மணி, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார் அவளிடம். அம்மணி என்று என்னைத்தான் கூப்பிடுவார்.

"ஏனுங்கப்பா, நா ஒருத்தி உசுரோடதானுங்களே இருக்கறேன்?"

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "உங்கம்மாளுக்கு நீ என்ன பண்ணுனே கண்ணு?" என்றார்.

இனிப் பயனில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அம்மாவுக்கு வைத்த குழாயை எடுக்கவிடாமல் ஐசியூ வாசலில் மல்லுக்கு நின்றவள் நான். பெற்ற மகள் வேறென்ன செய்வாள்?

"நீ என்னைய உடமாட்டே. இவ உட்டுருவா."

"தம்பியப் போட்டிருக்கலாமுங்களே?"

"அவன் ஊசியப் பாத்தாலே மயங்கி உழுந்துருவான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாப்புட்டுட்டுப் போங்க நங்கை" என்று நாத்தனார் முறை வைத்து அவள் எவ்வளவு கூப்பிட்டும் அன்றைக்கு அந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர்கள் கலந்து பேசிவிட்டு, இனி நம்பிக்கையில்லை என்றார்கள். மூச்சும் திணற ஆரம்பித்தது. முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டார்கள். தம்பி சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நங்கை, நீங்க சொல்லுங்க. நீங்கதானுங்க பெத்த பொண்ணு. நா கையெழுத்து மட்டும் போடறேனுங்க."

இதற்குத்தான் இத்தனை நாள் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். அப்பா என்ன கேட்டார் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"குழாய் வெக்கச் சொல்லு" என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. அழுதுகொண்டே டாக்டரிடம் திரும்பினாள். "வேண்டாமுங்க. மாமா வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க."

சாயங்காலம், நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் இருக்க, அப்பா அமைதியாகப் போனார். தன்னை யாரை நம்பி ஒப்படைக்கலாம் என்று அவருக்குச் சரியாகத்தான் தெரிந்திருந்தது. அது நானாக இல்லையே என்பது இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.