அரைக் கட்டை

"அட்வென்ட் மூன்றாம் ஞாயிறு. பாடகர் குழுப் பயிற்சி. கீபோர்டு அரைக் கட்டை ஏறியிருக்கிறது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. குமட்டல்."

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வென்ட் வாரங்களில், அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான். மற்றவை நினைவிலிருந்து.

போடியில் எனக்கு ஏலக்காய் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதிக்குப் பின்னால் உள்ள எங்கள் ஆலயத்தில் பாடுவேன். சுருதியை இங்கே கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆர்மோனியக் கட்டைகளை எண்ணி வந்த வழக்கம். எந்தச் சத்தம் கேட்டாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாமலே, அது எத்தனை கட்டை என்று சொல்லிவிடுவேன். சிவப்பைப் பார்த்துச் சிவப்பு என்பது போலத்தான். இதை வரம் என்பார்கள். அந்த வரத்தோடு கம்பம் ஊருக்குள் எஸ்டேட் ஜீப்புகளுக்கு நடுவே நின்று பார்த்தால் தெரியும். ஒன்றோடொன்று சேராத ஹாரன்கள், பூஞ்சை பிடித்த ஏலக்காயை மென்றுவிட்ட மாதிரி அடித்தொண்டை வரை கசக்கும். என் மனைவிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் எல்லாப் பாட்டையும் ஒரே சுரத்தில் நிம்மதியாகப் பாடி முடிப்பாள்.

கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனையில் முதல் பாட்டின் முதல் சரணத்துக்கு வாத்தியம் கிடையாது. சுருதி எடுத்துத் தொடங்குவது என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த இடம் என்னுடையது. இரண்டாம் சரணத்தில் கீபோர்டு வந்து சேரும்.

அந்த ஞாயிறு ஐந்து கட்டையில் தொடங்கினேன். கீபோர்டு வந்தது, பால் திரிந்தது. குழு ஒரு கணம் தடுமாறிவிட்டு, வெட்கமில்லாமல் கீபோர்டு பக்கம் தாவிக்கொண்டது.

கீபோர்டு வாசிப்பவர் வங்கியில் வேலை பார்க்கும் பெண். "தங்கச்சி, அரைக் கட்டை ஏறி நிக்கிது. எறக்கு" என்றேன்.

பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஆலயப் பணியாள் ஓடிவந்து, கீபோர்டு ஸ்டாண்டின் காலுக்கு அண்டை கொடுத்திருந்த மரத்துண்டை உருவினார். கீபோர்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"எறக்கிட்டேன் அய்யா. போதுமா, அந்தப் பக்கமும் உருவவா?"

குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. தவறிக் கை பட்டால் எல்லாச் சுரமும் அரைக் கட்டை ஏறிவிடும். அதைத்தான் சொன்னேன்.

"ஜீரோலதான் இருக்கு அண்ணே. வந்து நீங்களே பாருங்க." வங்கிப் பெண் கீபோர்டின் சிறு திரையைக் காட்டினாள்.

போகவில்லை. காது சொன்னதற்குக் கண்ணிடம் சாட்சி கேட்பதா? அருவருப்பாக இருந்தது.

பெஞ்சிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, அம்புட்டுப் பேரும் ஒரு பக்கம் நிக்கிறாக, நீங்க மட்டும் தனியா நிக்கிறீக. காதுக்குக் கண்ணாடி விக்கிறாகளான்னு விசாரிங்க."

கிறிஸ்துமஸ் அன்றும் அதே திரிந்த பால். நான் பாதியில் வாயை மூடிக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் சபையார் வாய் நிறையக் கேக்குடன் வந்து, "பாட்டு பிரமாதம்" என்று கை குலுக்கினார்கள். கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. அடுத்த கிறிஸ்துமஸிலிருந்து கீபோர்டே சுருதி கொடுக்கட்டும் என்று பொங்கலுக்கு முன் சபைக் கமிட்டி முடிவு செய்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகுதான் படித்தேன்: இப்படிப்பட்ட காது உள்ளவர்களில் பலருக்கு, வயது ஏற ஏற, கேட்பதெல்லாம் உண்மையைவிடச் சற்று உயர்ந்து கேட்குமாம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு மாலை, கடையை அடைத்த பிறகு, செல்போனில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கி, ஐந்து கட்டை என்று நினைத்துப் பாடினேன். நாலரை என்று காட்டியது. திரும்பத் திரும்பப் பாடினேன். என் காதுக்கு ஐந்தாகக் கேட்பது, செயலிக்கு நாலரைதான்.

இப்போது ஆலய மணி, பால்காரர் ஹாரன், எதுவும் தன் இடத்தில் இல்லை. பழகிய முகங்களுக்கெல்லாம் மூக்கு கொஞ்சம் தள்ளி முளைத்திருப்பது போல. எதைக் கேட்டாலும் குமட்டுகிறது. என் காதும் அதில் சேர்த்தி. கிறிஸ்துமஸ் விடியலில் இப்போது மனைவிக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். அவள் தன் ஒற்றைச் சுரத்தில் பாடுகிறாள். நான் பாடுவதில்லை.

அந்தக் கீபோர்டைக் கேரளப் பக்கம் ஓர் எஸ்டேட் ஜெபவீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அட்வென்ட் மூன்றாம் ஞாயிறு அன்று என் காது ஏறியிருந்ததா, கீபோர்டு ஏறியிருந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை. திரையை நான் போய்ப் பார்க்கவில்லை.